இரண்டு அவைகளும் வேண்டாம் என்ற பிறகும் விதி எப்படி வந்தது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மின்நிலையங்கள் வெளியேற்றும் கார்பனுக்கு விலை வைக்கும் விதியைச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் வாக்கெடுத்து நிராகரித்தன. ஆனாலும் 2022இல் அது அரசிதழில் வெளிவந்துவிட்டது, எப்படி? கலிபோர்னியாவிலோ ஒரு வாரியம் கூடிக் கை தூக்கினால் பெட்ரோல் விலை ஏறும் என்கிறார்கள். அப்படியானால் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கு அங்கே என்னதான் வேலை? இந்த இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஒரு சட்டமன்றம் தன் அதிகாரத்தைத் துறையிடமோ வாரியத்திடமோ கொடுத்துவிட்ட பிறகு அதைக் கண்காணிக்கவும், வேண்டுமென்றால் திருப்பி வாங்கவும் முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தப் பலம் இல்லை. விதி எழுதி முடித்த பிறகு ‘வேண்டாம்’ என்று தீர்மானம் போடுவதுதான் சட்டமன்றத்தின் கையில் உள்ள கருவிகளிலேயே பலவீனமானது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. அதிகாரம் கொடுக்கும் சட்டத்தை எந்த வார்த்தைகளில் எழுதுகிறார்கள், பணத்தை யார் கையில் வைக்கிறார்கள் என்ற இரண்டு இடங்களில்தான் உண்மையான பிடி இருக்கிறது. உங்கள் பென்சில்வேனியா உதாரணமே இதற்கு நல்ல சாட்சி. அந்தக் கதையின் கடைசிப் பகுதி உங்கள் கேள்வியில் இல்லை.

நான் வழக்கறிஞர் இல்லை. கலிபோர்னியாவில் தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் கொடுக்கும் உமிழ்வு அறிக்கைகளைச் சரிபார்க்கும் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த விதிகளுக்குக் கட்டுப்படுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைப் படித்துப் பழகியவன். தீர்ப்புகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவை என் வேலையை மாற்றியதால் படித்துத் தெரிந்துகொண்டவை. சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்க மாநிலங்களைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். தமிழ்நாட்டில் பேரவையில் பெரும்பான்மை உள்ளவர்களே அமைச்சரவை. துறை போடும் விதியை அவையே எதிர்க்கும் நிலை வருவது அபூர்வம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன் கீழ் மத்திய அரசு போடும் விதிகளை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும் என்று அதன் 26ஆம் பிரிவு சொல்கிறது. அரசுக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை அது பெரும்பாலும் ஒரு சடங்குதான். அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். நம் ஆளுநரோடு பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். வேலையில் அவர் முதலமைச்சர். துறைகள் அவருக்குக் கீழே, சட்டமன்றம் எதிர்க்கட்சியின் கையில் என்ற நிலை அங்கே சர்வ சாதாரணம். மசோதாவை நிறுத்தும் வீட்டோ அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆகவே அங்கே துறையைக் கண்காணிப்பது என்றால் பல நேரங்களில் போட்டியாளரின் வீட்டை எட்டிப் பார்ப்பதுதான்.

சரி, பென்சில்வேனியாவுக்கு வருவோம். வடகிழக்கு மாநிலங்கள் பல சேர்ந்து 2009 முதல் மின்நிலையக் கார்பனுக்கு ஒரு பொதுச் சந்தை நடத்துகின்றன. பிராந்தியப் பசுமை இல்ல வாயு முன்முயற்சி என்பது அதன் முழுப்பெயர். எல்லோரும் ரெஜ்ஜி என்பார்கள். மொத்த உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, ஒவ்வொரு டன்னுக்கும் ஏலத்தில் விற்கப்படும் ஓர் அனுமதி, அதாவது அலவன்ஸ், வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2019 அக்டோபரில் ஆளுநர் டாம் வுல்ஃப் இதில் சேர்வதற்கான விதியைத் தயாரிக்கும்படி தன் சுற்றுச்சூழல் துறைக்கு நிர்வாக ஆணை போட்டார். அவர் ஜனநாயகக் கட்சி. இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில். சட்டமன்றத்திடம் புதிய சட்டம் கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் 1960ஆம் ஆண்டின் காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையே ஆதாரமாகக் காட்டினார். எங்களைக் கேட்காமல் சேரக்கூடாது என்று சட்டமன்றம் 2020இல் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதை அவர் வீட்டோ செய்தார்.

அந்த மாநிலத்தில் காவல் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. விதியை முதலில் ஏற்க வேண்டிய சுற்றுச்சூழல் தர வாரியத்தின் 20 இடங்களில் நான்கு சட்டமன்றத்துக்கு உரியவை. அதற்குப் பிறகு தன்னாட்சி ஒழுங்குமுறை ஆய்வு ஆணையம் என்று ஒன்று பார்க்கிறது. அதன் ஐந்து உறுப்பினர்களில் நால்வரை நியமிப்பது அவைத் தலைவர்கள், ஒருவரை ஆளுநர். இதைவிடச் சட்டமன்றத்துக்கு நெருக்கமான காவல் ஏற்பாடு அமெரிக்காவில் அதிகம் இல்லை. ஆனாலும் 2021 செப்டம்பர் 1 அன்று அந்த ஆணையம் 3-2 என்ற கணக்கில் விதிக்குச் சம்மதம் சொல்லிவிட்டது. ‘நம்ம ஆள்’ என்று நியமிக்கப்பட்டவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கோப்பைப் பார்த்து முடிவெடுப்பது உண்டு. அதைக் குறையாகச் சொல்வதா நிறைவாகச் சொல்வதா என்பது அவரவர் பார்வை.

அடுத்த கட்டம்தான் நீங்கள் கேட்ட வாக்கெடுப்பு. அக்டோபரில் செனட்டும் டிசம்பரில் பிரதிநிதிகள் அவையும் விதியை நிராகரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றின. இதோடு கதை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தத் தீர்மானம் ஆளுநரின் மேசைக்குப் போயாக வேண்டும். 2022 ஜனவரியில் வுல்ஃப் அதை வீட்டோ செய்தார். வீட்டோவை மீற ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஏப்ரலில் செனட்டில் அந்த எண்ணிக்கை கிடைக்கவில்லை. அதாவது விதியை எழுதிய அரசின் தலைவரிடமே, ‘இந்த விதி வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்கும் ஏற்பாடு இது.

இது ஏதோ பென்சில்வேனியாவின் விசித்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். நடப்பில் இருக்கும் அதிகாரத்தை ரத்து செய்வதும் ஒரு சட்டம் இயற்றும் செயல்தான். அதற்கு ஆளுநரின் கையெழுத்தோ, மீறும் பெரும்பான்மையோ வேண்டும் என்பது நீதிமன்றங்களின் வாதம். மத்தியில் 1983இல் சாதா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசின் முடிவை அதிபரின் கையெழுத்து இல்லாமலேயே ரத்து செய்யும் காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், ‘சட்டமன்ற வீட்டோ’வை இப்படித்தான் செல்லாததாக்கியது. நியூஜெர்சி, அலாஸ்கா, கான்சாஸ் நீதிமன்றங்களும் அந்தக் காலத்தில் இதே வழியில் போயின. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1987இல் தண்டனை வழிகாட்டுதல்கள் பற்றிய செசம்ஸ் வழக்கில் இதையே சொன்னது. அண்மையில், 2025 ஜூலையில், விஸ்கான்சின் உச்ச நீதிமன்றமும் 4-3 என்று பிரிந்து, விதிகளை நிறுத்தி வைக்கும் சட்டமன்றக் கூட்டுக்குழுவின் அதிகாரத்தைப் பறித்தது. அந்த வழக்கு கட்டட விதிகள் போன்றவற்றைப் பற்றியது, கார்பனைப் பற்றியதல்ல. ஆனால் தர்க்கம் ஒன்றுதான். எல்லா மாநிலங்களிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. மேற்கு வர்ஜீனியாவில் துறைகளின் சட்டப்பூர்வ விதிகள் சட்டமன்றம் மசோதா மூலம் அனுமதித்தால்தான் உயிர்பெறும். அங்கே கையெழுத்துச் சிக்கலே வராது. சட்டமன்றம் சும்மா இருந்தாலே விதி நின்றுவிடும்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பென்சில்வேனியாவில் விதிகளை அதிகாரபூர்வ இதழில் அச்சிடும் அலுவலகம் சட்டமன்றத்துக்குக் கீழே இயங்குகிறது. தீர்மானத்துக்கான கால அவகாசம் இன்னும் முடியவில்லை என்று சொல்லி அது விதியை வெளியிட மறுத்தது. இரு அவைகளுக்கும் உள்ள நாட்கள் ஒரே நேரத்தில் ஓடுமா, ஒன்றன்பின் ஒன்றாக ஓடுமா என்பதுதான் சண்டை. துறைச் செயலாளர் நீதிமன்றம் போனார். விதி கடைசியில் 2022 ஏப்ரல் 23 அன்று அச்சேறியது. அச்சுக்கூடத்தின் சாவியை வைத்துக்கொண்டு மேற்பார்வை செய்தது அந்த ஒரு முறைதான் என் கண்ணில் பட்டது.

அரசிதழில் வந்ததாலேயே விதி அமலுக்கு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அச்சேறியது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. ஜூலையில் காமன்வெல்த் நீதிமன்றம், அதாவது அரசு சம்பந்தப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் மாநில நீதிமன்றம், தடை போட்டது. 2023 நவம்பர் 1 அன்று அதே நீதிமன்றம் அலவன்ஸ் ஏலத்தில் வரும் பணம் கட்டணம் இல்லை, வரி என்று தீர்ப்புச் சொன்னது. வரி போடும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு மட்டுமே உண்டு, ஆகவே விதி செல்லாது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அது மாநில உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போதே 2025 நவம்பரில் முடிவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. நான்கு மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்த பட்ஜெட் தகராறைத் தீர்க்கும் பேரத்தின் ஒரு பகுதியாக, விதியைக் கைவிடும் சட்டத்தில் ஆளுநர் ஜாஷ் ஷபிரோ கையெழுத்திட்டார். அவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். 2021இல் தனித் தீர்மானமாகப் போனபோது தோற்ற அதே கோரிக்கை, 2025இல் பட்ஜெட்டோடு ஒட்டிக்கொண்டு போனபோது ஜெயித்தது. சம்பளமும் பள்ளி மானியமும் நிற்கும் நேரத்தில் ஓர் ஆளுநர் எதை விட்டுக்கொடுப்பார், எதை விடமாட்டார் என்பது அப்போதுதான் வெளியே தெரியும்.

வரியா கட்டணமா என்ற கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கலிபோர்னியாவிலும் இதே கேள்விதான் எல்லாவற்றையும் நகர்த்தியது. அங்கே 2006இல் ஏபி 32 என்ற சட்டம் வந்தது. 2020க்குள் உமிழ்வை 1990ஆம் ஆண்டின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும், எப்படி என்பதைக் காற்று வள வாரியம் முடிவு செய்யட்டும் என்பதுதான் அதன் சாரம். சந்தை முறைகளைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பகுதியில் அனுமதி இருக்கிறது; ஏலம் என்று எங்கேயும் வெளிப்படையாக இல்லை. அந்த அனுமதியிலிருந்து வாரியம் பல நூறு பக்க விதிகளைக் கட்டி எழுப்பி, 2012 நவம்பரில் முதல் ஏலத்தையும் நடத்திவிட்டது. இது சட்டவிரோத வரி என்று மாநில வணிகச் சபையும் ஒரு தக்காளி பதப்படுத்தும் நிறுவனமும் வழக்குத் தொடர்ந்தன. வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஏபி 32 சாதாரணப் பெரும்பான்மையில்தான் நிறைவேறியிருந்தது. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று பிரிந்து, வரி இல்லை என்றது. அலவன்ஸ் வாங்குவது கட்டாயம் கிடையாது, வாங்கியது விற்கக்கூடிய மதிப்புள்ள பொருளாகவும் இருக்கிறது என்பது காரணம். ஏறக்குறைய ஒரே மாதிரி ஏலம். ஒரு மாநிலத்தில் வரி, இன்னொன்றில் வரி இல்லை. இரண்டு மாநிலங்களின் சட்ட வாசகமும் அரசியலமைப்பும் வேறு வேறு என்பது ஒரு பகுதிக் காரணம். மீதி, நியாயமான நீதிபதிகளே பிரிந்து நிற்கும் விஷயம் இது. இதில் அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

வழக்கு நடந்த காலத்தில் சந்தேகம் கருமேகம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போக்கத்தான் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2017இல் இதே சந்தைக்கான ஏபி 398 என்ற மசோதாவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேற்ற முயன்றார். கீழவையில் 54 வேண்டும், 55 கிடைத்தது. செனட்டில் 27 வேண்டும், 28 கிடைத்தது. ஒரு வாக்கு இடைவெளியில் நிற்கும்போது ஒவ்வொரு உறுப்பினரும் விலை கேட்பார் அல்லவா? அந்த விலையெல்லாம் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டன. காடு வளர்ப்பு போன்றவற்றால் வேறிடத்தில் குறைத்த கார்பனைத் தங்கள் உமிழ்வுக்கு ஈடாகக் காட்டும் ஆஃப்செட் வரவுகளின் உச்சவரம்பு 8 சதவீதத்திலிருந்து 2021 முதல் 4 சதவீதமாகவும், 2026 முதல் 6 சதவீதமாகவும் ஆனது. அதில் பாதியாவது கலிபோர்னியாவுக்கு நேரடிப் பலன் தர வேண்டும். அலவன்ஸ் விலைக்கு ஒரு மேல்வரம்பு வந்தது. தொழில்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் அலவன்ஸ் அளவு உறுதியானது. இந்தச் சந்தைக்குள் வரும் ஆலைகளின் கார்பனை காற்று மாவட்டங்கள் எனப்படும் உள்ளூர் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியாகக் கட்டுப்படுத்தக்கூடாது என்றும் ஆனது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் வாழும் மக்களின் அமைப்புகள் கொதித்தது இந்த வாசகத்துக்காகத்தான், அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

என் வேலை மேசையில் இதன் விளைவு நேராகத் தெரிந்தது. அதற்கு முன்பு ஒரு நிறுவனம் இந்த எண் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் வாரிய ஊழியர்களின் விளக்க அறிக்கையைப் புரட்டுவோம். அதன்பின் 4 சதவீதம் ஏன் என்று கேட்டால் காட்ட வேண்டியது சட்டப் புத்தகம் என்று ஆனது. வாரியத்தில் போய் வாதாடிப் பயனில்லை. அதை மாற்ற இன்னொரு சட்டம்தான் வர வேண்டும். சட்டமன்றம் இவ்வளவு நுணுக்கமாக எழுதுவது நல்லதா என்றால், எல்லா நேரத்திலும் இல்லை. எண்களைக் கல்லில் செதுக்கிவிட்டால் சந்தை மாறும்போது திருத்த முடியாது. ஆனால் ‘உறுப்பினர்களுக்கு என்ன வேலை’ என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் நேரடி விடை. 2025 செப்டம்பரில் இந்தத் திட்டத்தை 2045 வரை நீட்டித்தபோதும் இரண்டு மசோதாக்கள் ஒன்றாகப் போயின. ஒன்று திட்டத்துக்கு, இன்னொன்று ஏலப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு. அதிவேக ரயிலுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர், சட்டமன்றம் தன் விருப்பப்படி ஒதுக்க 100 கோடி டாலர் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது தொகையைப் பார்த்தீர்களா? வாரியம் ஏலம் நடத்தலாம். பணம் எங்கே போகும் என்று சொல்வது அவை.

கண்காணிப்பு என்ற பெயரில் நேரடியாகச் செய்தவையும் உண்டு. 2030க்குள் 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற இலக்கு 2016இல் எஸ்பி 32 என்ற சட்டமாக வந்தபோது, ஏபி 197 நிறைவேறினால்தான் இது செல்லும் என்று முடிச்சுப் போட்டார்கள். ஏபி 197தான் மேற்பார்வைச் சட்டம். காலநிலைக் கொள்கைக்கு ஒரு கூட்டுக்குழு, வாரியத் தலைவர் ஆண்டுதோறும் அதன் முன் வந்து கணக்குச் சொல்வது, வாரியத்தில் வாக்குரிமை இல்லாத இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள், மற்ற உறுப்பினர்களுக்கு ஆறாண்டுப் பதவிக்காலம் என்று நான்கு விஷயங்கள் அதில் முக்கியமானவை. பத்திரிகைகள் அந்த இரண்டு நாற்காலிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதின. எனக்கு ஆறாண்டுக் காலம்தான் பெரிய மாற்றமாகப் படுகிறது. முன்பு ஆளுநர் விரும்பும்வரை உட்கார்ந்திருந்தவர்கள், இப்போது காலம் முடிந்ததும் மறுபடி செனட்டின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். கேள்வி கேட்க ஒரு நாள் குறித்தாயிற்று. வாக்கில்லாத நாற்காலிகளால் ஏதாவது ஒரு விதி மாறியதா என்றால் உறுதியாகக் கைகாட்ட எதுவும் இல்லை. ஆனால் அங்கே உட்காருபவரே பட்ஜெட்டுக்கும் வாக்களிப்பவர் என்பதால் ஊழியர்கள் அவர் பேசும்போது குறிப்பெடுப்பார்கள்.

பெட்ரோல் விலைக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது குறை-கார்பன் எரிபொருள் தரம் என்ற விதியின் திருத்தம். எரிபொருள் விற்பவர்கள் அதன் கார்பன் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், முடியாதவர்கள் மற்றவர்களிடம் வரவுச் சீட்டு வாங்க வேண்டும் என்பது அந்த விதி. வாரியம் 2024 நவம்பர் 8 அன்று 12-2 என்று அதை ஏற்றது. அதற்கு ஓராண்டு முன்பு வாரியத்தின் சொந்த ஆய்வறிக்கையிலேயே கேலனுக்கு 47 சென்ட் வரை ஏறலாம் என்று ஒரு மதிப்பீடு இருந்தது. எல்லாச் சர்ச்சையும் அந்த எண்ணிலிருந்து கிளம்பியதுதான். பிற்பாடு அந்த எண்ணைக் கணிப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று வாரியம் சொன்னது. இரு கட்சி உறுப்பினர்களும், அப்புறம் எது சரியான எண் என்று கேட்டார்கள். இதில் உறுதியானது எது, ஊகம் எது? திருத்தம் எரிபொருள் விற்பவர்களின் செலவைக் கூட்டும் என்பது உறுதி. அதில் எத்தனை சென்ட் பம்பில் வந்து விழும் என்பது வரவுச் சீட்டுகளின் சந்தை விலை, கச்சா எண்ணெய், மூடப்படும் சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாவற்றையும் பொறுத்தது. 47 என்று முன்கூட்டிச் சொல்வதும், பூஜ்யம் என்று சொல்வதும் ஒரே அளவு ஊகம்.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அந்த 47 எப்படி வெளியே வந்தது? ஐந்து கோடி டாலருக்கு மேல் பொருளாதாரத் தாக்கம் உள்ள எந்த விதிக்கும், அறிவிக்கும் முன்பே தரப்படுத்தப்பட்ட தாக்க மதிப்பீடு செய்து நிதித்துறைக்குக் கொடுக்க வேண்டும் என்று 2011இல் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. பதின்மூன்று வருடம் கழித்து வாரியத்தைத் திணறடித்த எண், அந்தச் சட்டத்தின் பிள்ளை. எந்த உறுப்பினரும் அன்று எரிபொருள் தரத்தை மனதில் வைத்திருக்க மாட்டார். செயல்முறையை எழுதி வைத்தார்கள், அது தன் வேலையைச் செய்தது. அதேபோல, 2025 பிப்ரவரியில் நிர்வாகச் சட்ட அலுவலகம் தெளிவில்லை என்ற காரணம் சொல்லி இந்தத் திருத்தத்தைத் திருப்பி அனுப்பியது. அதுவும் ஆளுநரின் கீழுள்ள அலுவலகம்தான், ஆனால் அது பார்க்கும் அளவுகோல்கள் சட்டமன்றம் எழுதியவை. வாரியம் வாசகத்தைச் சரிசெய்து, ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொள்கை மாறவில்லை, வாக்கியங்கள் மாறின. இந்த வகைக் காவலின் எல்லை அவ்வளவுதான்.

சட்டமன்றமே செயல்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆரிகனைப் பாருங்கள். அங்கே செனட் கூடுவதற்கு 30 பேரில் 20 பேர் அவையில் இருக்க வேண்டும். 2019 ஜூனில் கார்பன் சந்தை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது குடியரசுக் கட்சியின் 11 செனட்டர்கள் ஊரைவிட்டே கிளம்பினார்கள். சிலர் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குப் போய்விட்டார்கள். ஆளுநர் கேட் பிரவுன் அவர்களைத் தேட மாநிலப் போலீசை அனுப்பினார். மசோதா செத்தது. அடுத்த ஆண்டும் அதே வெளிநடப்பு. 2020 மார்ச்சில் ஆளுநர் நிர்வாக ஆணை போட்டு, இருக்கும் சட்டங்களை வைத்தே உச்சவரம்பு விதியைத் தயாரிக்கச் சொன்னார். அவையை விட்டு ஓடியவர்களுக்குக் கிடைத்தது, தாங்கள் ஒரு வார்த்தைகூடச் சேர்க்க முடியாத விதி. அது 2021இல் வந்தது. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிவிப்பு நடைமுறைக் குறைக்காக அதை ரத்து செய்தது. 2024இல் துறை மறுபடி முறைப்படி அறிவித்துப் புதிதாகப் போட்டது. பக்கத்து வாஷிங்டனில் வரிசை தலைகீழ். 2016இல் துறை போட்ட விதியின் ஒரு பகுதியை, அதாவது எரிபொருள் விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் பகுதியை, 2020 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் 5-4 என்று வெட்டியது. காற்றுச் சட்டம் அதற்கு அதிகாரம் தரவில்லை என்றது. அதன்பின் 2021இல் சட்டமன்றமே ஒரு முழுச் சட்டம் இயற்றியது. அதை ரத்து செய்யச் சொல்லி 2024இல் வந்த மக்கள் வாக்கெடுப்பும் தோற்றது.

நிர்வாகம் விதியைச் சேர்க்க நினைப்பது மட்டுமே பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எடுக்க நினைப்பதும் உண்டு. வர்ஜீனியா 2020இல் சட்டம் போட்டு ரெஜ்ஜியில் சேர்ந்தது. பிறகு வந்த ஆளுநர் கிளென் யங்கின் என்பவர், மாநிலக் காற்று வாரியத்தை வாக்களிக்க வைத்து, 2023 முடிவில் மாநிலத்தை வெளியே எடுத்தார். சட்டமன்றம் சட்டமாகச் சொன்னதை வாரியம் விதியால் நீக்க முடியாது என்று 2024 நவம்பரில் ஒரு வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பென்சில்வேனியாவில் சட்டம் இல்லாமல் உள்ளே வந்த ஆளுநர் தோற்றார், வர்ஜீனியாவில் சட்டத்தை மீறி வெளியே போன ஆளுநர் தோற்றார். நியூயார்க் மட்டும் தனிச் சட்டம் இல்லாமல் விதி மூலமே ரெஜ்ஜியில் இருக்கிறது. அங்கேயும் வழக்குப் போட்டார்கள், ஆனால் விதி வந்து சில வருடம் கழித்து. தாமதமாக வந்தீர்கள் என்று 2013இல் தள்ளுபடி ஆனது. அதனால் அந்த மாநிலத்தில் அடிப்படைக் கேள்விக்கு நீதிமன்ற விடை இன்னும் இல்லை.

கடைசியாக, 2025இல் கலிபோர்னியாவின் வாகன விதிகளைக் காங்கிரஸ் ரத்து செய்தது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது மாநிலச் சட்டமன்றத்தின் மேற்பார்வை இல்லை. வாகனப் புகைக்குத் தனி விதி போட கலிபோர்னியாவுக்கு மத்தியச் சுற்றுச்சூழல் முகமை தரும் விலக்கு தேவை. மத்திய விதிகளை ரத்து செய்யும் சிறப்பு நடைமுறையில், சாதாரணப் பெரும்பான்மையோடு, காங்கிரஸ் அந்த விலக்குகளை நீக்கியது. அந்த விலக்குகள் ‘விதி’ என்ற வகைக்குள்ளேயே வராது என்று காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் முன்பே கருத்துச் சொல்லியிருந்தது. ஜூன் 12 அன்று அதிபர் கையெழுத்திட்டார், கலிபோர்னியா வேறு பல மாநிலங்களோடு சேர்ந்து அன்றே வழக்குப் போட்டது. மாநிலத்துக்குள் நடக்கும் இழுபறியையும் இதையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் இரண்டும் புரியாது, தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.